காவற் கமரா பூட்டுவோர் கவனத்திற்கு

மீள்குடியேறிய கிராமங்களுக்கு நாம் செல்லும்போது முன்பெல்லாம் விதை, பசளை, சந்தை விலை பற்றியே எம்மிடம் கேட்பார்கள். இப்பொழுது அவற்றோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துவிட்டது. "வளவுக்கு ஒரு கமரா பூட்டினால் நல்லதோ?" நீரிறைக்கும் இயந்திரம், கறவை மாடு, சூரியத் தகடு, செப்பு வயர் எனக் களவு போகும் பொருட்களின் பட்டியல் நீளமானது. எல்லாவற்றையும் ஒருமுறை இழந்தவர்கள் கடன்பட்டு மீண்டும் தேடிய பொருட்கள் இவை. ஆகவே இக்கேள்வியை ஆடம்பரக் கேள்வி என்று எவரும் தள்ளிவிட முடியாது.

விடை சொல்லுமுன் வன்னியில் நாம் கண்ட ஒரு வீட்டின் கதையைச் சொல்லவேண்டும். ஊரையும் ஆட்களையும் குறிப்பிடவில்லை. காரணம் வாசிக்கும்போது விளங்கும்.

செட்டிகுளத்து முகாமிலிருந்து 2011 இல் சொந்தக் காணிக்குத் திரும்பிய குடும்பம் அது. தாயும் இரண்டு பிள்ளைகளும். ஒரு ஏக்கரில் கச்சானும் மிளகாயும். சங்கக் கடனில் வாங்கிய நீரிறைக்கும் இயந்திரம் ஓர் இரவில் களவு போயிற்று. மறுபடி கடன்பட்டு இன்னொன்று வாங்கினார்கள். இம்முறை காவலுக்கென்று தாய் தன் சங்கிலியை அடைவு வைத்து, பட்டணத்தில் நான்கு கமராக்களும் பதிவுப் பெட்டியும் வயரும் சேர்ந்த ஒரு தொகுதியை வாங்கிப் பூட்டுவித்தார். எட்டு மாதம் கழித்து இரண்டாவது இயந்திரமும் போயிற்று.

கமரா படம் பிடித்திருந்தது. சாரம் கட்டிய ஓர் உருவம் கிணற்றடியிலிருந்து வேலிப் பக்கம் நடந்து போகிறது. முகம் இல்லை. வெண்மையான ஒரு திட்டு மட்டும். "இது அவன்ர நடைதான்" என்று யாரோ சொன்னார்கள். பொழுதுபடுமுன் அந்தப் படம் ஊரிலுள்ள கைத்தொலைபேசிகள் எல்லாவற்றிலும் இருந்தது. அயல்வீட்டு இளைஞனைப் பொலிசார் அழைத்து விசாரித்து விட்டுவிட்டார்கள். முகாமில் ஒரே கூடாரத்தில் ஒரே அடுப்பில் சமைத்த இரண்டு குடும்பங்கள் அன்றோடு பேச்சை விட்டன.

மங்கலான படம், படமே இல்லாததை விடக் கெட்டது என்பது எமது எண்ணம். படம் இல்லாதவிடத்து "யாரென்று தெரியாது" என்று சொல்லியிருப்பார்கள். மங்கலான படமோ அவரவர் மனதில் ஏற்கெனவே இருக்கும் சந்தேகத்திற்கு உருவம் கொடுத்துவிடுகிறது. கமரா வாங்க நினைப்போர் கடைக்காரரிடம் எத்தனை கமரா என்று கேட்குமுன், அது எடுக்கும் படத்தில் முகம் தெரியுமா என்று கேட்கவேண்டும்.

முகம் தெரியாமற் போனதேன்?

மின்வேலை தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு நாம் அந்த வளவுக்குப் போனோம். கமரா வீட்டு இறவாணத்தில் பூட்டப்பட்டிருந்தது. கிணறு அங்கிருந்து 80 அடி. கமராவின் வில்லை 2.8 மி.மீ. இந்த வில்லை மிக அகலமாகப் பார்க்கும். கடையில் ரி.வி. திரையில் முழு வளவும் தெரிந்தபோது எல்லோருக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அகலம் கூடக்கூட ஒவ்வொரு பொருளும் சிறுத்துப் போகும்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. சாதாரண 2 மெகாபிக்செல் கமராவின் படம் குறுக்காக 1920 புள்ளிகள் கொண்டது. முன்பின் தெரியாத ஒருவரை ஐயத்திற்கிடமின்றி அடையாளம் காண, ஒரு மீற்றர் அகலத்திற்கு 250 புள்ளிகள் விழவேண்டும் என்று ஐரோப்பிய நியமம் சொல்கிறது. தெரிந்த ஒருவரை இனங்காண 125 புள்ளிகள். அங்கே ஓர் ஆள் நிற்கிறார் என்று மட்டும் அறிய 25 போதும். 2.8 மி.மீ. வில்லையால் 80 அடித் தூரத்தில் பார்க்கும்போது படத்தின் அகலம் 60 மீற்றரைத் தாண்டிவிடும். ஒரு மீற்றருக்கு ஏறக்குறைய 30 புள்ளிகள்தான் வரும். மனித முகத்தின் அகலத்திற்கு ஐந்து புள்ளி கூட இல்லை. ஐந்து புள்ளியில் எவருடைய முகத்தையும் எவருடையதென்றும் சொல்லலாம்.

அதே 2 மெகாபிக்செல் கமராவில் முகம் உறுதியாகத் தெரியக்கூடிய தூரம் 2.8 மி.மீ. வில்லைக்குச் சுமார் 10 அடி, 4 மி.மீ. வில்லைக்கு 14 அடி, 6 மி.மீ. வில்லைக்கு 25 அடி, 12 மி.மீ. வில்லைக்கு 55 அடி வரை. மெகாபிக்செல் இரட்டித்தால் தூரமும் இரட்டிக்கும் என்று நினைக்கவேண்டாம். 4 மெகாபிக்செல் கமராவில் குறுக்குப் புள்ளிகள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்குதான் கூடுகின்றன. இவை யாவும் நல்ல வெளிச்சத்திற்குரிய கணக்கு. இரவில் இன்னும் குறையும்.

இரவுக் காட்சிக்கென்று கமராவில் அகச்சிவப்பு விளக்குகள் உண்டு. பெட்டியில் "30 மீற்றர்" என்று அச்சிட்டிருப்பார்கள். அந்தத் தூரத்தில் உருவம் தெரியும், முகம் தெரியாது. அதிலும் எங்கள் ஊர்களில் இந்த விளக்கு பூச்சிகளை இழுக்கும். பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். வில்லைக்கு முன்னே கட்டிய ஒற்றை நூல் இரவில் வெள்ளைக் கயிறு போல் படத்தை மறைக்கும். அந்த வீட்டுக் கமராவில் நாம் கண்ட வெண்திட்டில் பாதி சிலந்தியின் வேலை. கிழமைக்கொரு தடவை மென்மையான துணியால் துடைக்கவேண்டும் என்று பூட்டியவர் எவரும் சொல்லவில்லையாம். படலைக்கு மேல் ஒரு சாதாரண மின்குமிழைச் சற்றுத் தள்ளிப் பூட்டி எரியவிட்டால் பூச்சிகள் அங்கே போகும். முகமும் நன்றாகத் தெரியும்.

கிணற்றடியைப் பார்க்கலாமா?

களவு போனது கிணற்றடியில். ஆகவே கமராவும் கிணற்றடியைப் பார்க்கவேண்டும் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் கிணற்றடி பெண்கள் குளிக்கும் இடம். அங்கே கமராவைத் திருப்பிவிட்டால் அந்த வீட்டுப் பெண்களுக்கு நிம்மதி இருக்காது. படம் கைத்தொலைபேசிக்குப் போகும் வகையான கமரா என்றால் ஆபத்து இன்னும் பெரிது. அந்தத் தாய் எட்டு மாதமாக இருட்டிய பின்னரும் குளிக்கப் பயந்து வேறு வளவுக்குப் போய் வந்ததாகச் சொன்னபோது எமக்கு வெட்கமாக இருந்தது. இப்படியானவற்றை முன்கூட்டியே சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் நாமல்லவா.

இயந்திரம் நடந்து போவதில்லை. இருபது கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தை ஒருவர் தூக்கிக்கொண்டு போகும் வழியைத்தான் கமரா பார்க்கவேண்டும். படலையும் ஒழுங்கையில் ஏறும் இடமும் தெரிந்தால் போதும். ஆறரை அடி உயரத்தில் பூட்டினால் முகத்தை நேராகப் பார்க்கும். மிக உயர்த்தினால் தொப்பியும் தலையும்தான் தெரியும். கைக்கெட்டும் என்ற பயம் இருந்தால் எட்டு அடி வரை போகலாம்.

வேலியைப் பிரித்துக்கொண்டு போனால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதற்குக் கமராவிடம் பதில் இல்லை. இயந்திரத்தைக் கொங்கிறீற்றுக் கட்டில் போல்ற்று வைத்து முறுக்குங்கள். சங்கிலியும் பூட்டும் போடுங்கள். என்ஜின் இலக்கத்தை எழுதி வையுங்கள். உறையில் உங்கள் அடையாளம் ஒன்றை ஆழமாக வெட்டிவிடுங்கள். இதற்கெல்லாம் ஆகும் செலவு ஒரு கமராவின் விலையில் சிறு பங்கு. இதைச் செய்யாமல் கமரா வாங்குவது கதவில்லாத வீட்டுக்கு யன்னற் திரை வாங்குவது போன்றது.

வயரில் மிச்சம் பிடிக்கவேண்டாம்

கமராவைப் பார்த்துப் பார்த்து வாங்குவோர், வயரைக் கடைக்காரர் தருவதை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். எமது அனுபவத்தில் ஓரிரு வருடத்தில் பழுதாகும் பூட்டுகைகளில் பெரும்பாலானவற்றில் பழுது கமராவில் அல்ல, வயரில்தான்.

அந்த வளவின் மாட்டுக்கொட்டிலில் இருந்த கமரா பகலில் ஒழுங்காக வேலை செய்தது. பொழுது பட்டதும் படம் வரும், போகும். பேய் பிடித்த கமரா என்றே பிள்ளைகள் பெயர் வைத்துவிட்டார்கள். காரணம் மிக எளிது. கொட்டில் வீட்டிலிருந்து 250 அடி. 12 வோல்ற்று மின்சாரத்தை மெல்லிய வயரில் அவ்வளவு தூரம் அனுப்பியிருந்தார்கள். அரைச் சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியில் மின்சாரம் 250 அடி போய் 250 அடி திரும்பி வரும்போது தடை ஏறக்குறைய 5 ஓம். பகலில் கமரா எடுக்கும் மின்சாரம் குறைவு, சமாளித்துக்கொள்ளும். இரவில் அகச்சிவப்பு விளக்கு எரிந்ததும் அரை அம்பியர் வேண்டும். இரண்டரை வோல்ற்று வழியிலேயே கரைந்து, கமராவுக்கு ஒன்பதரைதான் போய்ச் சேரும். கமரா அணையும். அணைந்ததும் இழப்புக் குறைந்து மீண்டும் எரியும். களவு நடக்கும் நேரத்திலேயே கண்ணை மூடும் காவற்காரன் இது.

அதிலும் அந்த வயர் முழுச் செப்பல்ல. கத்தியால் சுரண்டியபோது மேலே செம்பும் உள்ளே வெள்ளையும் தெரிந்தது. அலுமினியத்திற்குச் செம்பு முலாம் பூசியது. இதன் தடை செம்பை விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. நாலைந்து தடவை வளைத்தால் முறிந்துவிடும், முடிச்சு இடங்களில் உப்புக்காற்றுப் பட்டால் அரித்துப்போகும். கடையில் வாங்கும்போது நுனியைச் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள். சுரண்ட விடாத கடையில் வாங்கவேண்டாம். ஒரேயளவு சுருளைக் கையில் தூக்கிப் பார்த்தாலும் தெரியும், செம்பு பாரமாக இருக்கும்.

தூரம் கூடிய இடத்திற்கு இரண்டு வழிகள் உண்டு. பழைய வகைக் கமராவாயின் ஆர்.ஜி. 59 எனும் ரி.வி. வயர் போன்ற வயரில் படம் 600 அடிக்கு மேலும் தெளிவாக வரும். மின்சாரத்திற்கு மட்டும் ஒரு சதுர மில்லிமீற்றர் அல்லது அதனிலும் தடித்த தனி வயர் இழுக்கவேண்டும். மற்ற வழி, கணினி வலையமைப்பு வயரில் படத்தையும் மின்சாரத்தையும் ஒன்றாக அனுப்பும் பி.ஓ.ஈ. முறை. இதில் மின்சாரம் 48 வோல்ற்றளவில் போவதால் ஓட்டம் குறைவு, இழப்பும் அற்பம். ஆனால் இவ்வயருக்கு எல்லை 100 மீற்றர், அதாவது சுமார் 330 அடி. புதிதாகப் பூட்டுவோருக்கு நாம் இரண்டாவதையே சொல்வோம். 230 வோல்ற்று மின்சாரத்தை மெல்லிய வயரில் வேலியோரமாகக் கொட்டிலுக்கு இழுக்கும் குறுக்கு வழியை மட்டும் எவரும் எண்ணவேண்டாம். கமராவுக்காக மாடோ பிள்ளையோ சாகக்கூடாது.

"வயரில்லாக் கமரா" என்று விற்பதைப் பற்றியும் ஒரு சொல். படத்திற்குத்தான் வயர் இல்லை, மின்சாரத்திற்கு வேண்டும். மின்சாரம் எட்டாத தோட்டக் காணிகளுக்குச் சூரியத் தகடும் பற்றரியும் சிம் அட்டையும் கொண்ட கமரா வசதிதான். ஆனால் அலைவரிசை நன்றாக எடுக்கும் இடமாக இருக்கவேண்டும், மாதாமாதம் டேற்றாவுக்குப் பணம் கட்டவேண்டும். பற்றரியை மிச்சம் பிடிக்க அது தூங்கிக்கொண்டிருக்கும். உடற் சூட்டை உணர்ந்துதான் விழிக்கும். எங்கள் சித்திரை வெயிலில் நிலமும் உடலும் ஒரே சூடாகும் மத்தியானங்களில் அது விழிக்கத் தவறுவதும் உண்டு.

நிலத்தில் தாழ்ப்பதா, மரத்தில் இழுப்பதா?

அந்த வீட்டில் வயர் பனைக்குப் பனை இழுத்துக் கட்டியிருந்தது. சோழகத்தில் பனை ஆடும்போதெல்லாம் வயர் உராய்ந்து தோல் உரிந்துவிட்டது. வீட்டுக்குள் பாவிக்கும் சாம்பல் நிற வயரை வெயிலில் விட்டால் ஒன்றிரண்டு வருடத்தில் வெடிக்கும். வெளி வேலைக்குரிய கறுப்புத் தோல் வயர் தனியாக உண்டு. மிகுதியை அணில் பார்த்துக்கொண்டது.

இவற்றை விட முக்கியமானது இடி. பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் எமது பகுதிகளில் இடிமின்னல் அதிகம். பனையோடு பனையாக இழுத்த செப்பு வயர் மின்னலை வீட்டுக்குள் அழைத்து வரும் பாதை. மரத்தில் விழாவிட்டாலும், அயலில் விழும் இடியே பதிவுப் பெட்டியையும் அதோடு தொடுத்த ரி.வி.யையும் எரித்துவிடப் போதும். நிலத்தின் கீழ் தாழ்ப்பதால் இது குறையும், இல்லாமற் போகாது. புவித்தொடுப்பு ஒழுங்காக இருக்கவேண்டும். கடும் இடி நேரத்தில் பிளக்கைக் கழற்றிவிடுவது இன்றும் நல்ல பழக்கம். கண்ணாடி இழை வயரில் மின்சாரம் ஓடாது என்பதால், தூரத்துக் கட்டடங்களுக்கு அதுவே மிகப் பாதுகாப்பு. வேலை தெரிந்தவர் வேண்டும் என்பதே அதிலுள்ள சிரமம்.

தாழ்ப்பதாயின் ஒன்றரை அடி முதல் இரண்டு அடி ஆழம் வேண்டும். அதற்கு மேலே இருந்தால் மண்வெட்டியோ கலப்பையோ ஒருநாள் வெட்டும். பி.வி.சி. குழாய்க்குள் வயரை விட்டு, பின்னொரு காலத்தில் இன்னொரு வயர் இழுக்க உதவியாக ஒரு நைலோன் கயிற்றையும் உள்ளே விட்டுவிடுங்கள். குழாயின் இரு வாயையும் அடைக்கவேண்டும், இல்லையேல் எறும்பு குடியேறும். வீட்டு மின்சார வயரோடு ஒரே குழாயில் விடக்கூடாது. ஓரடி இடைவெளி வேண்டும். குறுக்கே கடக்க நேர்ந்தால் செங்கோணமாகக் கடக்கவேண்டும். வழியில் முடிச்சுப் போடாமல் ஒரே துண்டாக இழுப்பதே நல்லது.

கிடங்கு வெட்டுமுன் இன்னொன்று. போர் நடந்த இடங்களில் காணி துப்புரவாக்கப்பட்டுக் கையளிக்கப்பட்டதா என்பதை உறுதி செய்யாமல் புதிய இடத்தில் மண்ணைத் தோண்டவேண்டாம். பல வருடம் உழுத நிலமென்றாலும் வேலியோரத்தை எவரும் உழுவதில்லை. வயர்க் கிடங்கு போவதோ வேலியோரமாகத்தான். சந்தேகமான பொருள் கண்டால் தொடாமல், இடத்தைக் குறித்துவிட்டுப் பொலிசாருக்கோ கண்ணிவெடி அகற்றும் பிரிவினருக்கோ அறிவியுங்கள்.

கமராவில் வயர் தொடுக்கும் இடத்தை நீர்புகாப் பெட்டிக்குள் வைத்து, வயரைப் பெட்டிக்குக் கீழே ஒருமுறை தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டி விழும். இப்படி விடாததால் ஒரு மாரியிலேயே பச்சை பிடித்த தொடுப்புகளை முல்லைத்தீவுக் கரையோரத்தில் நிறையக் கண்டிருக்கிறோம்.

பெட்டியும் கடவுச்சொல்லும்

பதிவுப் பெட்டியை ரி.வி.க்குப் பக்கத்தில் அழகாக வைக்கிறார்கள். வீட்டுக்குள் வரும் கள்ளன் முதலில் அதைத்தான் தூக்குவான். அலுமாரிக்குள், காற்றோட்டம் விட்டு வையுங்கள். ஒரு கமராவின் பதிவு நாளொன்றுக்கு 20 ஜிகாபைற்றுக்குச் சற்று மேல் வரும். 1 ரெராபைற் தட்டில் இரண்டு கமராவுக்கு மூன்று கிழமை, நான்குக்குப் பதினொரு நாள் அளவில் நிற்கும், பின் பழையது அழியும். பெட்டியின் மணிக்கூடு சரியா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். பொலிசாருக்குக் கொடுத்த அந்தப் படத்தில் திகதி பல வருடம் பிந்தியிருந்தது. நான்கு கமராவும் பெட்டியும் மாதம் சுமார் 25 அலகு மின்சாரம் எடுக்கும் என்பதையும், பாவனை கூடினால் அலகின் விலையும் ஏறும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

கடையில் வந்த கடவுச்சொல்லை முதல்நாளே மாற்றவேண்டும். 2016 இல் "மிராய்" எனும் தீய நிரல், மாற்றப்படாத கடவுச்சொற்களைக் கொண்டே உலகெங்கும் இலட்சக்கணக்கான கமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் கைப்பற்றியது. பூட்டியவரே கடவுச்சொல்லை வைத்திருந்தால், உங்கள் வளவை அவரும் பார்க்கலாம். வேலை முடிந்ததும் அவர் முன்னிலையிலேயே மாற்றுங்கள், அவர் கோபிக்கமாட்டார்.

எம்மவர்க்குக் கண்காணிப்பு என்பது புதிதல்ல. முட்கம்பிக்குள் இருந்து, போகும் வழியெல்லாம் பெயர் பதிந்து வந்தவர்கள் நாம். அயலவரின் முற்றத்தை, ஒழுங்கையால் போகும் பெண்பிள்ளைகளை, இன்னொருவர் கிணற்றை உங்கள் கமரா பார்த்தால் அவர்களுக்கு என்ன தோன்றும் என்பதை வேறெவரும் எமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. பூட்டுமுன் அயலவரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டுங்கள்.

அந்த வீட்டில் நான்கில் இரண்டு கமராக்களைக் கழற்றிவிட்டோம். படலைக்கு 6 மி.மீ. வில்லை கொண்ட ஒன்று, கொட்டிலுக்குத் தடித்த வயரோடு ஒன்று. களவு போன இயந்திரம் இன்னும் கிடைக்கவில்லை. பங்குத்தந்தை கேட்டுக்கொண்டதனால் அயல்வீட்டுத் தாயும் அன்று பின்னேரம் வந்தார். வந்தவர் திண்ணையில் ஏறவில்லை. முற்றத்தில் நின்றபடியே, "எங்கட படலை தெரியுதோ?" என்று மட்டும் கேட்டார். ஓரத்தில் தெரிந்தது. கமராவை இரண்டு விரற்கடை திருப்பினோம். இருட்டிய பின் சோதித்துப் பார்க்க ஒருவர் படலையால் நடக்கவேண்டியிருந்தது. மகன் வரவில்லை. அவனுடைய தங்கைதான் வந்து, நாம் சொன்னபடி மூன்று தரம் உள்ளே வந்து வெளியே போனாள். முகம் தெரிந்தது.